வானொலியில் வந்த கம்பெனி பெயர்

பேகம்பூர், திண்டுக்கல்
ஜூலை 9

அன்பு மச்சானுக்கு ரஃபியா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

மாமியும் நானும் நலம். மாமியின் முழங்கால் வலி மட்டும் அவரைப் போலவே, சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. தினமும் வீடியோவில் முகம் பார்க்கிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று சிரிப்பீர்கள். போனில் நான் ஒன்று கேட்டால் நீங்கள் இன்னொன்றுக்குத் தாவிவிடுகிறீர்கள். கடிதத்தில் தாவ முடியாது. அப்துல் ஜப்பார் அண்ணன் சனிக்கிழமை ஜெர்மனி புறப்படுகிறார். இடியாப்ப மாவோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

ஜெர்மன் வகுப்பு இப்போது ருசித்துவிட்டது. உங்களிடம் வர விசாவுக்கான மொழித் தேர்வில் போன தடவை என்னைக் கவிழ்த்தது என் காதுதானே! சத்யபிரியா டீச்சர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். ஆளுக்கொரு ஜெர்மன் ஊரின் இணைய வானொலியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எல்லாம் புரிய வேண்டும் என்று அடம்பிடிக்கக் கூடாது. முதல் வாரம் காதில் விழும் எண்களை மட்டும் எழுதினோம், அடுத்த வாரம் ஊர்ப்பெயர்கள், அதன்பின் வினைச்சொற்கள். அரை மணிக்கொரு தரம் அதே செய்தியைப் படிப்பதால் விட்டதைப் பிடித்துக்கொள்ளலாம். நர்ஸ் வேலைக்குப் போகவிருக்கும் தேவதர்ஷினி பெர்லினை எடுத்துக்கொண்டாள். நான் எந்த ஊரை எடுத்தேன் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

இங்கே பகல் பதினொன்று, அங்கே காலை ஏழரை. உங்கள் தெருவில் மழை வருமா என்பது உங்களுக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடுகிறது. ஒருநாள் நெடுஞ்சாலையில் மாடு நிற்கிறது, மெதுவாகப் போங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நம் ஊரில் மாடு நிற்காவிட்டால்தான் செய்தி. அந்த அறிவிப்பாளர் மாட்டையும் மந்திரியையும் ஒரே குரலில் படிக்கிறார் மச்சான். குரலை வைத்து நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று சொல்லவே முடியவில்லை.

போன திங்கட்கிழமை உங்கள் தோல் கம்பெனியின் பெயர் வந்தது. துள்ளிவிட்டேன். நூற்று நாற்பது, ஆகஸ்ட் முப்பத்தொன்று என்று இரண்டு எண்களை எழுதினேன். மற்றதெல்லாம் ஓடிவிட்டது. மாமியிடம் சொன்னதும், எம்புட்டுப் பெரிய கம்பெனியா இருந்தா ரேடியோவுல சொல்லுவான், இன்னும் நூத்தி நாப்பது பேர எடுக்கப் போறான் போல என்று மகன் பெருமையில் அவரே முடிவுகட்டினார். பாத்திஹா ஓதி, பிர்னி காய்ச்சித் தெருவுக்கே கொடுத்தார். வீடு வீடாகக் கிண்ணத்தைக் கொண்டுபோனது நான்தான்.

மறுநாள் வகுப்பில் திரும்பவும் அதே செய்தி. அன்றுதான் வினைச்சொல்லைப் பிடிக்கத் தொடங்கினோம். கடை எத்தனை மணிக்கு மூடும் என்று முதல் மாதமே படித்த சொல் அதில் இருந்தது. அரை மணி நேரம் காத்திருந்து மறுபடி கேட்டேன். அதே சொல்தான். நோட்டில் ‘மூடும்’ என்ற அந்தச் சொல்லுக்கு எதிரே நூற்று நாற்பதையும் ஆகஸ்ட் முப்பத்தொன்றையும் எழுதினேன்.

பிறகுதான் மற்றவை கணக்குக்கு வந்தன. முன்பெல்லாம் நீங்கள் இடைவேளையில் பேசினால் பின்னால் தோல் புரளும் டிரம் சத்தம் கேட்கும். மூன்று வாரமாகக் குருவிச் சத்தம்தான் கேட்கிறது. கம்பெனி மூட நாள் இருக்கும்போதே உங்களை நிறுத்திவிட்டார்களா? தேர்வுக்கு அவசரமில்லை, அடுத்த வருஷம் பாத்துக்கலாம் என்றீர்களே, அன்று நான் உங்களுக்கு அலுத்துவிட்டேன் என்று நினைத்து ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தேன். மன்னித்துவிடுங்கள்.

மாமியிடம் இன்னும் சொல்லவில்லை. பிர்னி சாப்பிட்ட வீடுகளில் இரண்டு பேர் தங்கள் மகனுக்கும் அங்கே வேலை கேட்கச் சொல்லி வந்துவிட்டுப் போனார்கள். மாமியும் சரி சரி என்று தலையாட்டியிருக்கிறார். கடிதம் கிடைத்த பிறகு வரும் ஜும்மா முடிந்ததும் நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

தேர்வு வருகிற பதினெட்டாம் தேதி. எழுதத்தான் போகிறேன். அங்கே வேறு வேலை கிடைத்தால் நான் வருகிறேன், கிடைக்காவிட்டால் நீங்கள் வாருங்கள். இரண்டும் எனக்குச் சம்மதம்.

வேலை போனதற்கு நான் அழவில்லை மச்சான். அதை மூன்று வாரம் தனியாக நெஞ்சில் வைத்துக்கொண்டு, தினமும் என்னிடம் ‘சாப்பிட்டாயா’ என்று கேட்டீர்களே, அதற்குத்தான் அழுதேன். அல்லாஹ் உங்கள் ரிஸ்க்கை, உங்களுக்கு அளந்த உணவை, விசாலமாக்குவான். நீங்கள் சாப்பிடுகிறீர்களா? அதை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள்.

உங்கள்
ரஃபியா