பேரனுக்கு அந்தப் பேர் வேண்டாம்

அன்பு மகன் வேல்குமாருக்கும் மருமகள் ஜெயசுதாவுக்கும் நல்லூரிலிருந்து அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், மஸ்கட் வெயிலில் நீங்கள் எப்படி இருக்கிறீர்களோ, ஏழு மாத வயிற்றோடு அவளை மாடிப்படி ஏற விடாதே. போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான் எழுதுகிறேன், படித்துவிட்டு அவரிடம் எதுவும் கேட்காதே.

உன் அண்ணன் போன வாரம் பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர் அந்தோணிராஜை அடித்துவிட்டான். இவன் வெட்டிய கட்டிங் சரியில்லை, டீசர்ட் கை ஒன்றுக்கொன்று நீளம் மாறுகிறது என்று அவர் சொன்னாராம், அவ்வளவுதான், இவன் இரும்பு ஸ்கேலை எடுத்துத் தலையில் போட்டிருக்கிறான். அவர் இன்னும் கண் திறக்கவில்லை, இவனை ஜெயிலில் வைத்திருக்கிறார்கள். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வோம் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவோ வக்கீலைப் பார்த்துவிட்டு வந்து, எங்க அப்பா ரத்தம்லா, அப்படித்தான் இருக்கும் என்கிறார். அதில் ஒரு பெருமை வேறு, எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ரத்தத்தில் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். உன் தாத்தாவுக்கு முன்கோபம், அப்பாவுக்கும் அதேதான், உங்கள் இரண்டு பேருக்கும் தொட்டிலிலேயே தெரிந்தது. ஆனால் அண்ணனுக்குத் தாத்தா பேரை வைத்தோம். நம் சொந்தத்தில் மருமகள் மாமனார் பேரை வாயால் சொல்லக்கூடாது, அந்தப் பேர் வைத்த பிள்ளையை வையவும் கூடாது. அவன் கடித்தாலும் கல்லெறிந்தாலும் மாமாவுக்கு வந்த கோபத்தைப் பாரு என்று எல்லோரும் சிரித்தோம், நானும்தான் ஐயா சிரித்தேன். ஒருநாள் தாங்காமல் கை ஓங்கினேன், உன் அத்தை, மாமனாரையா அடிக்கப் போறே என்று கேட்டாள், இறக்கிவிட்டேன். அப்புறம் ஓங்கவே இல்லை.

உனக்கு யார் பேரும் இல்லை. பக்கத்து வீட்டுத் தரணி நெற்றியை நீ கல்லால் உடைத்தாயே, அன்றைக்கு உன் தோலை உரித்து, அந்தப் பிள்ளைக்குத் தையல் போட்டு முடிக்கும்வரை உன்னை எதிரிலேயே உட்காரவைத்தேன். அவள் அம்மா சுப்பாத்தாள் அக்காதான், போதும் உடுங்க, சின்னப் பையன்தானுங்களே என்று என்னைத் தடுத்தார்கள். இப்போது கோபம் வந்தால் நீ பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறாயாம், ஜெயசுதா சொன்னாள். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே இரண்டு பேரும்.

ஸ்கேனில் ஆண் பிள்ளை என்று தெரிந்ததிலிருந்து அப்பா தன் பேரைத்தான் வைக்க வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஜெயசுதாவும் நம் பக்கத்துப் பெண், அவளும் ஒருநாள் ஓங்கிய கையை இறக்கிவிடுவாள். நேற்று அண்ணனைப் பார்க்கப் போனேன், ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்க வாயெடுத்தேன், வரவில்லை. முப்பத்திரண்டு வருஷமாகக் கேட்காததைக் கம்பிக்கு வெளியே நின்று எப்படிக் கேட்பது. அவன்தான், அம்மா சாப்ட்டியா என்று கேட்டான்.

அப்பா என்மேல் பாய்வார், பாயட்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடியில்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும், அவள் சத்து மாத்திரையை விடவேண்டாம். இதை மட்டும் மறந்துவிடாதே ஐயா, பிள்ளை தப்பு செய்தால் அவனைப் பெற்றவள் பேர் சொல்லித் திட்ட முடிகிற பேராக வை.

இப்படிக்கு,
உன் அம்மா
சின்னத்தாய்