கெஸ்ட்ரல்மூர் பங்கும் என் ஒரு கேள்வியும்

மார்ச் 4, செவ்வாய்

கெஸ்ட்ரல்மூர் 162 பென்ஸ். நேற்று 149. காரணம் ஒன்றும் இல்லை. யாரோ எங்கோ எதையோ சொன்னாராம். காலை ஒன்பதேகாலுக்கே பக்கத்து வீட்டு டக்வொர்த் வேலிக்கு மேலே தலையை நீட்டிவிட்டார். ஓய்வு பெற்ற பல் மருத்துவர். ஆயுள் முழுவதும் வாயைத் திறந்தபடி கிடந்தவர்களிடமே பேசிப் பழகியதால், எதிரில் இருப்பவர் பதில் சொல்லக்கூடும் என்பது அவருக்கு மறந்துவிட்டது.

"பாத்தீங்களா மிஸஸ் வின்ஸ்டன்லி? ஒரே நாள்ல பதிமூணு பென்ஸ்! நான் அப்பவே சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. போன வாரம் இருபது பென்ஸ் விழுந்தப்பவும் ஏதோ சொன்னீங்க. அது என்னன்னுதான் ஞாபகம் இல்லை."

"அது வாங்கறதுக்கு நல்ல வாய்ப்பு!"

ஏறினால் அறிவு, இறங்கினால் வாய்ப்பு. இந்த மனிதர் எப்படித்தான் தோற்பார்?

மார்ச் 9, ஞாயிறு

ரெடிங்கிலிருந்து மகன் டாமினிக் பேசினான். வழக்கமான பாட்டு.

"வித்துடுங்கம்மா. அது கம்பெனியே இல்லை, சூதாட்டம். ஊரான் வழக்குக்குச் செலவு பண்றான், ஜெயிச்சா அதுல பங்கு வாங்கிக்கறான், தோத்தா எல்லாம் போச்சு. இந்த வயசுல உங்களுக்கு இது தேவையா? வித்துட்டு இங்க வாங்க. எங்க பக்கத்துலயே சின்ன ஃபிளாட் ஒண்ணு இருக்கு, கைக்கு அடக்கமா."

சவப்பெட்டியும் கைக்கு அடக்கமானதுதான்.

ஆனால் கணக்கு என்னவோ கணக்குதான். கூரை அடுத்த குளிர்காலத்தைத் தாங்காது என்று ஆய்வாளர் எழுதிக் கொடுத்துவிட்டார்; இருபத்திரண்டாயிரம் பவுண்டு. வீட்டைத் தவிர என் கணவர் கத்பர்ட் எனக்கு விட்டுப்போனது இந்தப் பன்னிரண்டாயிரம் பங்குகள் மட்டுமே. பங்குக்கு இரண்டு பவுண்டு கிடைத்தால் கூரை போட்டுக்கொண்டு என் வீட்டிலேயே சாகலாம். கிடைக்காவிட்டால் ரெடிங்.

மார்ச் 22, சனி

முதலீட்டாளர்கள் கருத்துச் சொல்லும் இணையப் பலகையை டக்வொர்த் எனக்குத் திறந்து காட்டினார். ஆயிரத்து நானூறு பேர் எழுதுகிறார்கள். ஒருவருக்கும் பெற்றோர் வைத்த பெயர் இல்லை. 'பொறுமைசாலி 61' கிறிஸ்துமஸுக்குள் ஐந்து பவுண்டு என்கிறார். 'கடலோர ஓய்வு' இது பூஜ்யத்துக்குப் போகும் என்கிறார். பூஜ்யம் என்பவர்கள் எல்லாம் கூலிக்கு எழுதுகிறவர்கள், விலை சரியும் என்று பந்தயம் கட்டிய பெரும் புள்ளிகள் வைத்த ஆட்கள் என்று 'நீதிச்சிங்கம்' கர்ஜிக்கிறார். இன்னொருவருக்கு உள்விவரம் தெரியுமாம். அவருடைய மைத்துனர் ஒரு வழக்கறிஞருக்குக் கார் ஓட்டுகிறார்.

ஆண்டறிக்கையைப் படித்ததாக ஒருவர் கூடச் சொல்லவில்லை.

பள்ளியில் சிஸ்டர் பெர்பெச்சுவா, விடை சரியாகவே இருந்தாலும் வழிமுறை எழுதாவிட்டால் மதிப்பெண் தரமாட்டார். சுவரைப் பார்த்து நிற்க வைப்பார். இந்த ஆயிரத்து நானூறு பேருக்கு லங்காஷயரில் சுவர் போதாது.

ஏப்ரல் 6, ஞாயிறு

தவக்காலத்துக்கு இனிப்பை விடுவதற்குப் பதில் ஆண்டறிக்கை முழுவதையும் படித்தேன். இதுதான் பெரிய தவம்.

பக்கம் 94. சென்ற ஆண்டு லாபம் அறுபத்தொரு மில்லியன் பவுண்டு. அதில் ஐம்பத்து நான்கு மில்லியன் கைக்கு வரவே இல்லை. முடியாத வழக்குகள் ஜெயித்தால் என்ன தேறும் என்று கம்பெனியே மதிப்பிட்டு, அதை லாபம் என்று எழுதியிருக்கிறது. தன் விடைத்தாளைத் தானே திருத்திக்கொள்ளும் மாணவி. அதிலும் பெரும்பகுதி ஒரே வழக்கு: ஓர் அரசாங்கம் பிடுங்கிக்கொண்ட செம்புச் சுரங்கம். சுரங்க முதலாளி வழக்காடுகிறார், செலவு கெஸ்ட்ரல்மூருடையது.

சட்டப்படி இப்படி எழுதலாமாம். இருக்கட்டும். எனக்குப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

138. டக்வொர்த்: "வாய்ப்பு."

மே 15, வியாழன்

சுரங்கம் ஜெயித்துவிட்டது! தீர்ப்பாயம் கோடி கோடியாக எழுதிக் கொடுத்துவிட்டது. பங்கு 340. பதினொரு மணி கூட ஆகவில்லை, டக்வொர்த் ஷெர்ரி பாட்டிலோடு வாசலில்.

"இனிமே இது கீழ வராது மிஸஸ் வின்ஸ்டன்லி. நான் இன்னும் ஆறாயிரம் வாங்கிட்டேன். ஓய்வூதியத்துல மொத்தமா வந்தது மிச்சம் இருந்துச்சு, அதையும் போட்டுட்டேன்."

மத்தியானம் டாமினிக். "அம்மா, அவசரப்பட்டு வித்துடாதீங்க."

"மார்ச்ல சூதாட்டம்னியே?"

"அப்ப நிலைமை வேறம்மா."

நிலைமை வேறு இல்லை, விலைதான் வேறு. இவர்கள் தங்களுக்கு ஒரு கருத்து இருக்கிறது, அதன்படி விலை நடக்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். விலை முன்னால் நடக்கிறது. கருத்து பின்னால் குடை பிடித்துக்கொண்டு ஓடுகிறது.

மே 17, சனி

இந்த விலைக்கு விற்றால் நாற்பதாயிரத்து எண்ணூறு. ஏன் விற்கவில்லை?

எல்லோருடைய பங்கும் தரகர் பெயரில் கணினிக்குள் கிடக்கிறது. கத்பர்ட் பிடிவாதமாகக் காகிதச் சான்றிதழ்தான் வாங்குவார். அதனால் அவருக்குப் பிறகு கம்பெனியின் பதிவேட்டில் என் பெயரே இருக்கிறது. ஜூன் 18 லண்டனில் ஆண்டுக் கூட்டம். பதிவேட்டில் இருப்பவர்தான் எழுந்து கேள்வி கேட்கலாம். சான்றிதழை இப்போதே விற்க அனுப்பினால் பெயர் போய்விடும்.

எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. பதில் தெரியாமல் விற்கவும் மனமில்லை, வைத்திருக்கவும் மனமில்லை. இது புத்தியா, திமிரா? இரவு ஜெபத்தில் கேட்டுப் பார்த்தேன். பதில் வரவில்லை. அதாவது, திமிர்.

ஜூன் 18, புதன்

கால் வலிக்கிறது, ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

பிரெஸ்டனிலிருந்து ரயில். டக்வொர்த்தும் வந்தார், தலைவரிடம் கேட்க ஏழு கேள்விகள் எழுதி வைத்திருந்தார். என் தலையில் பச்சைத் தொப்பி. மண்டப வாசலில் மேசை போட்டு ஒரு பெண்.

"உங்க பேர் பட்டியல்ல இல்லையே சார்."

"என்கிட்ட முப்பத்தோராயிரம் பங்கு இருக்கும்மா!"

"அது உங்க தரகர் பேர்ல இருக்கு சார். அவங்ககிட்ட கடிதம் வாங்கிட்டு வந்திருக்கணும். இப்ப நீங்க விருந்தாளியா உக்காரலாம், பேசத்தான் கூடாது."

இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் முயன்று முடியாததை அந்தப் பெண் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாள்.

பலகையில் ஆயிரத்து நானூறு பேர். மண்டபத்தில் பதினொரு பேர். தலைவர் நல்ல வெள்ளித்தலை. நாற்பது நிமிடம் பேசினார். நான் எழுந்தேன்.

"அந்தச் சுரங்க வழக்குல இன்னைக்கு வரைக்கும் கம்பெனி கைக்கு எவ்வளவு பணம் வந்திருக்கு?"

"தீர்ப்புத் தொகை ரொம்பப் பெருசு மேடம்..."

"தீர்ப்பு எவ்வளவுன்னு கேக்கலை. வந்தது எவ்வளவு?"

"அந்த அரசாங்கம் தீர்ப்பை ரத்து பண்ணச் சொல்லி மனு போட்டிருக்கு. அது முடியணும். அப்புறம் வசூல். அதுக்குக் காலம் பிடிக்கும்..."

"ஒரு பவுண்டாவது வந்துதா?"

தலைவர் பக்கத்திலிருந்த கம்பெனி வழக்கறிஞரைப் பார்த்தார். வழக்கறிஞர் தன் பேனாவைப் பார்த்தார்.

"இன்றைய தேதிக்கு, இல்லை."

மதியத்துக்குத் தந்த முட்டை சாண்ட்விச் ஓரமெல்லாம் காய்ந்திருந்தது. யாரோ ஒரு நிருபர் குறித்துக்கொண்டு வெளியே ஓடினார். திரும்பும் ரயில் க்ரூ நிலையத்தைத் தாண்டும்போது விலை 291.

டக்வொர்த் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒரே கேள்வியில எனக்குப் பதினஞ்சாயிரம் பவுண்டு போச்சு."

"கேள்வியில போகலை. பதில்ல போச்சு."

எனக்கும்தான் ஆறாயிரம் போனது. அதை அவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 19, வியாழன்

சான்றிதழைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கணினிக்காரர்கள் ஒரு நொடியில் விற்கலாம். காகிதத்துக்குப் பத்து நாளாவது ஆகும் என்கிறார் தரகர். அதற்குள் என்ன விலையோ.

ஜூன் 21, சனி

பலகையில் 'நீதிச்சிங்கம்': கூட்டத்தில் எழுந்த பச்சைத் தொப்பிக் கிழவி கூலிக்கு அமர்த்தப்பட்டவளாம். ரயிலிலேயே 94ஆம் பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தாளாம்.

ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது ஒரே ஒருவர். வேலிக்குப் போனேன்.

"ஒரு சந்தேகம் மிஸ்டர் டக்வொர்த். எனக்குக் கூலி எவ்வளவு குடுத்தாங்களாம்?"

முகம் பீட்ரூட்டானது. "கோவத்துல... ஏதோ எழுதிட்டேன்."

"எழுதினதை விடுங்க. பல்லு புடுங்கறவர் தனக்குச் சிங்கம்னு பேர் வெச்சுக்கறதா? அதைத்தான் தாங்க முடியலை."

வேலிக் கட்டையை நகத்தால் சுரண்டினார். எனக்குக் கொஞ்சம் மனம் இளகிவிட்டது போலும், சொல்லிவிட்டேன்: "நான் விக்க அனுப்பிட்டேன். நீங்களும் வித்துடுங்க. திங்கட்கிழமை காலைலயே."

"இப்பவா? இந்த விலையிலயா? திரும்ப 340 வரட்டும், அன்னைக்கே வித்துடறேன்."

இவர் 340க்குக் காத்திருப்பது அந்தப் பங்குக்கு எப்படித் தெரியும்?

ஜூலை 2, புதன்

விற்றாயிற்று. 231. தரகுக் கூலி போக இருபத்தேழாயிரத்துச் சொச்சம். மே மாதம் விற்றிருந்தால் இன்னும் பதின்மூன்றாயிரம். ஒரு பதில் கேட்பதற்கு நான் கொடுத்த விலை அது. சிஸ்டர் பெர்பெச்சுவா இதற்கு ஒரு பாவத்தின் பெயர் சொல்லியிருப்பார், தலையான பாவம் ஏழில் முதலாவதை: அகந்தை.

டாமினிக்: "340லயே வித்திருக்கலாமேம்மா!"

தொலைபேசியை வைத்தேன். மெதுவாக அல்ல.

செப்டம்பர் 15, திங்கள்

கூரைக்காரர்கள் வந்துவிட்டார்கள். தேநீருக்கு ஆளுக்கு மூன்று கரண்டி சர்க்கரை. பாட்டு வேறு.

நவம்பர் 12, புதன்

சுரங்கத் தீர்ப்பு ரத்து. முழுவதுமாக. பங்கு 44.

பலகையில் 'பொறுமைசாலி 61' இது வாய்ப்பு என்கிறார். 'கடலோர ஓய்வு' தான் சொன்னதை நினைவூட்டுகிறார், ஆறு முறை. நீதிச்சிங்கம் ஒன்றும் எழுதவில்லை.

ஜூனிலிருந்து தேய்த்துத் தேய்த்துச் சில வாக்கியங்கள் தயாராக வைத்திருந்தேன். வேலிக்கு அப்பால் டக்வொர்த் வீட்டுத் திரை மத்தியானம் வரை விலகவில்லை. நான் வெளியே போகவில்லை. மழை என்று சொல்லலாம். மழை பத்து மணிக்கே விட்டுவிட்டது.

ஜனவரி 10, சனி

டக்வொர்த் வீட்டு வாசலில் விற்பனைப் பலகை நட்டு மூன்று வாரம். ஆள் கிடைத்துவிட்டதாம். ஸ்விண்டனில் மகள் வீட்டுப் பக்கம் போகிறார்.

"சின்ன ஃபிளாட்தான்," என்றார், நிமிராமலே. "எனக்கு ஒருத்தனுக்கு என்ன பெருசா வேணும்? வசதியாத்தான் இருக்கும்."

 தரையில் உட்கார்ந்து தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றிய லட்சணம் சகிக்கவில்லை. பிரெஸ்டன் தாண்டுவதற்குள் பாதி உடையும். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் கட்டியிருந்த எல்லாவற்றையும் அவிழ்த்தேன். தட்டுக்கு இரண்டு தாள், குறுக்கே ஒன்று. அவர் தாளை எடுத்துக் கொடுத்தார், நான் சுற்றினேன். நாலு மணி வரை ஒரு பெட்டிதான் முடிந்தது.

கண்ணாடிச் சாமான் அப்படியே இருக்கிறது. நாளைக்கு ஞாயிறு பூசை முடிந்ததும் போக வேண்டும்.