பூவிழியின் பெயர்

அக்கா,

உன் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. கடைசி வரியில் தங்கை என்று என் பெயர் மட்டும் இருந்தது. நம் கடைக்குட்டி பூவிழியின் பெயர் இல்லை.

அம்மாவிடம் கேட்டேன். "அவளுக்கு ஆட்டிசம்னு தெரிஞ்சா, பொறக்கற கொழந்தைக்கும் வருமோன்னு மாப்ள வூட்ல பயப்படுவாங்களாம். உங்கக்காதான் வேணாம்னு சொல்லிட்டா" என்றாள்.

தனக்கும் அம்மாவுக்கும் பிறகு பூவிழியை யார் பார்ப்பது என்று அப்பா கேட்டபோதெல்லாம் நீ செல்போனைப் பார்த்தாய். நான் இவளுக்காக எட்டாவதோடு பள்ளியை விட்டேன். ஒன்பது வயதுத் தங்கைக்கு ஒரு வரியில்கூட உன்னால் இடம் தர முடியாதா?

நான் வாய் திறக்கமாட்டேன் என்று நினைத்திருப்பாய். இன்று காலை இவளைக் கூட்டிக்கொண்டு கடத்தூர் பஸ் ஏறி, உன் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். உன் வருங்கால மாமியார்தான் கதவைத் திறந்தார்.

"இவளும் பொண்ணோட தங்கச்சிதாங்க" என்றேன்.

உன் பெரிய தங்கை