விரிசல் மேல் ஒட்டிய கண்ணாடி

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

பாப்பாவுக்குச் சளி குறைந்துவிட்டது. இருமல்தான் போவேனா என்கிறது. இப்போதுதான் தூங்கினாள். போனில் ஆரம்பித்தால் 'சைட்ல இருக்கேன், அப்புறம் பேசு' என்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். முடித்ததும் படம் பிடித்து அனுப்பிவிடுவேன், எழுந்ததும் பாருங்கள்.

அத்தைக்கு என் மேல் கோபம். ஒரு வாரமாகப் பாப்பாவைப் பள்ளி வேனில் ஏற்றாமல், பழைய பாலத்தை விட்டு, புதுப் பாலம் வழியாகச் சுற்றி நடத்தியே கூட்டிப் போகிறேன். "என் பிள்ளை மல்லுக்கட்டிக் காப்பாத்தின பாலம். ஊரே போகுது, உனக்கு மட்டும் கால் கூசுதா?" என்றார். கால் வலிதான் மிச்சம்.

நடு வளைவு விரிசல் மேல் நீங்கள் ஒட்டிய கண்ணாடித் துண்டு, விரிசல் அசைந்தால் உடைந்து காட்டிக்கொடுக்கும் என்பீர்களே, 'பாலத்துக்குப் பிளாஸ்திரி' என்று பாப்பாகூடச் சொல்வாளே, அது போன வாரம் புத்தம்புதிதாக மின்னியது. பாலத்தில் பூச்சு வேலை பார்க்கும் கொத்தனாரைக் கேட்டேன். "உடைஞ்சு கெடந்துச்சும்மா. சார் பார்த்தா மனசு கஷ்டப்படுவாரேன்னு மாத்திட்டேன். இதோட மூணாவது" என்றார், பெருமையாக. திட்ட மனம் வரவில்லை. பாலத்துக் காவல்காரர் உங்களுக்கு அனுப்பும் படங்களில் கண்ணாடி எப்போதும் முழுசாக இருந்தது அப்படித்தான்.

அன்றைக்கே உங்களிடம் சொன்னேன். 'நான் வந்து பார்க்கிறேன், யார்கிட்டயும் மூச்சு விடாதே' என்றீர்கள். புரிகிறது. வண்டி போகலாம் என்று கையெழுத்துப் போட்டது நீங்கள். அன்றைக்கு இந்தப் பாலத்தை இடிக்கச் சொன்னவர்கள் வாய்விட்டுச் சிரிப்பார்கள்.

இன்று காலை வேன் எங்களைத் தாண்டிப் பாலத்தில் ஏறியது. உள்ளேயிருந்த பிள்ளைகள் பாப்பாவுக்குக் கை காட்டினார்கள். அது அக்கரையில் இறங்கும்வரை பாப்பாவின் கையைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன். நம் பிள்ளையை மட்டும் இறக்கிக்கொண்டு, மற்ற பிள்ளைகளை ஏற விட்டு, ஒரு வாரமாக வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

நீங்களே மூடச் சொன்னால், முட்டுக் கொடுத்துப் பழுது பார்க்க வைக்கவும் உங்களால் முடியும். வேறு யார் சொன்னாலும் இடித்துத்தான் போடுவார்கள். காலையில் வேன் கிளம்புவதற்குள் அலுவலகத்துக்குப் பேசிவிடுங்கள். இல்லையென்றால் பாலத்து முனையில் நான்தான் போய் மறித்து நிற்பேன். உங்கள் மனைவியாக அங்கே நிற்க எனக்கு விருப்பமில்லை.

வேளைக்குச் சாப்பிடுங்கள். உங்கள் பெயரும் பாலமும் பிழைத்துக் கிடக்கட்டும். அதற்கு முன்னால், பிள்ளைகள் பத்திரமாக அக்கரை சேரட்டும்.

உங்கள் போனுக்காக விழித்திருக்கும்,
பாப்பாவின் அம்மா