வெடித்த உப்பும் உங்கள் பங்குக் கேள்வியும்

உயிரான என் மச்சானுக்கு,

புருஷனும் பெண்சாதியுமாக ஒரே பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தோம். நீங்கள் மவுத்தாகி என்னை விட்டுப் போன பிறகு உங்கள் ஒன்பதாம் வகுப்பும் என் தலையில்தான்.

குடும்பத்து வாட்ஸ்அப் குழு நினைவிருக்கிறதா? வருகிற வீடியோவுக்கெல்லாம் ஆதாரம் கேட்டுச் சண்டை பிடித்தீர்கள் என்று உங்களை நீக்கியே விட்டார்களே! போன மாதம் அதில் ஒன்று வந்தது. தணலில் படபடவென்று வெடிக்கிற உப்பில் ஏதோ இரசாயன மருந்து கலந்திருக்கிறதாம்.

உங்கள் வகுப்புச் சப்னாவின் வாப்பா உப்பளத்தில் வாங்கி முந்தல் ஊர்க் கடைகளுக்கு உப்புப் போடுகிறவர். வீடியோ பரவியதும் கடைக்காரர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். பிள்ளை வகுப்பில் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதே வீடியோவைத் திரையில் போட்டேன். "இதில எதக் காட்டேல்ல?" என்று கேட்டேன். ரிஸ்னா எழும்பினாள்.

"நல்ல உப்பு வெடிக்காதெண்டு காட்டவே இல்லையே டீச்சர். எங்கட உம்மா கண்ணூறு கழிக்க அடுப்புல போடுற உப்பும் வெடிக்குதுதானே?"

வகுப்பே சிரித்தது. கண்பட்ட கண்ணூறு போகிற சத்தம் என்றுதானே எல்லா வீட்டிலும் நம்பியிருந்தோம்! அடுத்த நாள் ஆளுக்கொரு பிடி உப்பு வீட்டிலிருந்து கொண்டுவந்து, ஆய்வுகூடத்தில் கரண்டியில் வைத்துச் சூடாக்கினோம். கல்லுப்பு எல்லாமே வெடித்தது. வாப்பாவின் உப்பைச் சப்னா மாவாக அரைத்துப் போட்டாள். சத்தமே இல்லை. கல்லுக்குள் அடைபட்ட ஈரம்தான் வெடிக்கிறது என்று பிள்ளைகளே சொன்னார்கள்.

அதை அவர்கள் வீடியோ எடுத்துக் கடைக்காரர்களுக்கு அனுப்பினார்கள். முந்தலில் ஒரு கடைக்காரர் மூட்டையை எடுத்துக்கொண்டார். மற்றவர்கள் இன்னும் யோசிக்கிறார்கள்.

குடும்பக் குழுவிலும் போட்டேன். எல்லோரும் "மாஷா அல்லாஹ்" என்றார்கள். உங்கள் உம்மா மட்டும் குரல் பதிவு அனுப்பியிருந்தார்: "என்ட மகன் இருந்தா இதுலயும் ஒரு பிழ புடிச்சிருப்பான்."

அதைக் கேட்டு ஆசிரியர் அறையிலேயே அழுதுவிட்டேன் மச்சான். நான் எதைச் சொன்னாலும் இப்போது வீட்டில் ஓம், சரி என்கிறார்கள். இரக்கப்பட்டு ஓம் என்கிறார்கள். குறுக்கே பேச நீங்கள் இல்லாத வீடு எனக்குத் தாங்கவில்லை.

மாமி சொன்ன அந்தப் பிழை எது? நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன், பிடிபடவில்லை. உங்களுக்கென்றால் ஒரு நிமிடம் போதும்.

திங்கட்கிழமை உங்கள் பங்குக் கேள்வியாக மாமியின் அந்தக் குரலை வகுப்பில் போடப்போகிறேன். உங்கள் பிள்ளைகள் அந்தப் பிழையைப் பிடிக்கும்வரை இந்தப் பாடத்தை முடிக்க மாட்டேன்.

உங்களோடு சண்டை பிடிக்க ஏங்கிக் கிடக்கும்
உங்கள் பெண்சாதி