இரண்டாவது கூடாரம்

பிப்ரவரி 3, திங்கள்

இவர் கூடாரம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். கல்யாணமான புதிதில் போகலாம் என்று பேசிய பாலைவனத் தேசியப் பூங்காவுக்கு அடுத்த மாதம் போகிறோமாம், மூன்று நாள். பெட்டியின் மேல் ‘இருவருக்கு’ என்று போட்டிருக்கிறது. படித்ததும் பெட்டியைத் திருப்பி வைத்துவிட்டேன்.

மார்பில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து ஒன்றரை வருடமாக நான் தனி அறையில்தான் படுக்கிறேன். இவருடைய குறட்டைதான் காரணம் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். இடது பக்கம் இப்போது வெறும் தழும்பு. அதை இவர் பார்த்துவிடக் கூடாது. பார்த்து முகம் மாறிவிட்டால் — நான் எங்கே போய் நிற்பேன்?

பிப்ரவரி 6

எனக்குத் தனிக் கூடாரம் வேண்டும் என்றேன். குறட்டை என்றேன். சரி என்றார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். எது ஏன் நின்றது என்று நோண்டாமல் விடமாட்டார். என்னிடம் மட்டும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

பிப்ரவரி 9

இரண்டாவது கூடாரமும் வந்துவிட்டது. எடை குறைவு, கம்பியைத் தோளுக்கு மேல் தூக்க வேண்டியதில்லை. என் இடது கை சரியாக மேலே போகாது என்று நான் இவரிடம் சொன்னதே இல்லை.

பிப்ரவரி 15

பூங்கா அலுவலகத்துக்குப் போன் செய்தேன். உள்ளே சொட்டுத் தண்ணீர் கிடைக்காதாம், எல்லாம் நாமே கொண்டுபோக வேண்டும். பகலில் வெயில், ராத்திரியில் பல் கிட்டும் குளிர். காசு கொடுத்துக் கஷ்டப்படப் போகிறாயா என்று மருந்துக் கடையில் என்னோடு வேலை பார்க்கும் அக்கா சிரிக்கிறார்.

பிப்ரவரி 22

சோபாவை நகர்த்திவிட்டு ஹாலில் ஒத்திகை. இவருடைய கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்தேன். ஓரமாக ஒட்டிக்கொண்டு படுத்திருந்தார், பாதி இடம் காலி. ஏன் இப்படி என்றேன்.

“பழகிக்கறேன். குளிர் தாங்காம ஒருவேளை நீ வந்தா...” போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். “இன்னும் வலிக்குதாம்மா? நான் எந்தப் பக்கம் படுத்தா இடிக்காதுன்னு மட்டும் சொல்லிடு. தூக்கத்துல கையப் போட்டுடுவேனோன்னுதான் பயமா இருக்கு.”

அட மனுஷா! இத்தனை நாளா இதையா நெனச்சுக்கிட்டு இருந்தீங்க? நான் எதை நெனச்சு நடுங்கிக்கிட்டு இருந்தேன் —

“வலியெல்லாம் போய் ரொம்ப நாளாச்சுங்க. பாக்க நல்லா இருக்காது. அதான்.”

சொல்லிவிட்டு நானே பட்டனைக் கழற்றிக் காட்டினேன். இவர் முகம் மாறவில்லை. தழும்பின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். எனக்கு அழுகை நிற்கவில்லை.

மார்ச் 7

நாளை கிளம்புகிறோம். கார் டிக்கியில் தண்ணீர் கேன்களே முக்கால்வாசி. எதையாவது குறைத்தாக வேண்டும் என்று இவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். என் கூடாரத்தைப் பரணில் போட்டுவிடச் சொன்னேன். ஏணியில் ஏறியவர் வெகுநேரம் இறங்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் கவனிக்காதவள்போல அடுத்த கேனை நிரப்பப் போனேன்.