ஆணி கிழித்த கோட்டு

ஜூன் 9

அன்புள்ள உங்களுக்கு,

சால்வென்ட் கொட்டகையில் போன வாரம் தீப்பிடித்ததற்குக் காரணம், ஸ்டாண்ட்பை பம்பின் சுவிட்சுப் பெட்டிக்குள் இருந்த ஒரு ரப்பர் பட்டை. இன்று காலை பத்தரைக்குப் பாதுகாப்பு அதிகாரி விசாரணைக் குழுவின் முதல் குறிப்பை எங்கள் அறையில் வாசித்தார். நகல் எடுத்தது நான்தான், அதனால் வார்த்தை மாறாமல் தருகிறேன்: "மூடி உட்காரும் இணைப்பில் அனுமதியில்லாத ரப்பர். மஞ்சள் நிறம். ஒரு விரல் அகலம்."

யாருக்கும் உயிருக்கு ஆபத்தில்லை. பம்பு ஆபரேட்டருக்கு இரண்டு புருவமும் முன்முடியும் போய்விட்டன. பார்க்கப் போனேன். "முப்பது வருஷமா வளத்த புருவம்க்கா, ஒரு நொடியில போச்சு" என்று அவரே சிரிக்கிறார்.

சிரிக்க முடியாதவள் எலக்ட்ரீஷியன் பெண். நீங்கள் போன பிறகு உங்கள் இடத்துக்கு வந்தவள். ரப்பரை வைத்தது அவள்தான் என்று சொல்லி வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். "அந்தப் பெட்டிய நான் தொறந்ததே இல்லக்கா. மூடிச் சந்துல ஃபீலர் கேஜ வெச்சுப் பாத்தேன், தகடு உள்ள போகல. இடைவெளி சரின்னு எழுதினேன்" என்கிறாள். ரப்பர் அடைத்துக்கொண்டிருந்தால் எந்தத் தகடு உள்ளே போகும்?

பழைய பதிவேடுகளை எடுத்துப் பார்த்தேன். பதினோரு வருஷம், இருபத்திரண்டு சோதனை, எல்லாம் என் கையெழுத்தில்: "போல்ட் பன்னிரண்டு, இறுக்கம் சரி, இடைவெளி சரி." கீழே கையொப்பம் போட்டவர்களில் முதல் ஆறு தடவை நீங்கள்.

என் மஞ்சள் மழைக்கோட்டு ஞாபகம் இருக்கிறதா? சும்மா கேட்டு வைக்கிறேன்.

சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. நீங்கள் அடுத்த ஞாயிறு பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போன அதே குழாய்தான்.

இப்படிக்கு,
பதிவேடு

ஜூன் 14

அன்புள்ள பதிவேட்டுக்கு,

எட்டு மாதம் கழித்து ஒரு கடிதம் போடுகிறாய், அதிலும் விசாரணைக் குழுதான் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது. சாப்பிட்டாயா, முழங்கால் வலி எப்படி என்று ஒரு வார்த்தை கிடையாது. பரவாயில்லை, நானே சொல்கிறேன். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மாடிப்படி எண்ணி எண்ணி ஏறுகிறேன்.

நீ எழுதியதைப் படித்ததும் அந்தச் சாப்பாட்டு அறைதான் கண்ணுக்குள் வந்தது. உடைந்த கால் கொண்ட பெஞ்சு, ஜன்னல் வழியாக வரும் வார்னிஷ் வாசனை. நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஃப்ளேம்ப்ரூஃப் பெட்டி என்றால் என்னவென்று உன் டிபன் டப்பாவையும் மூடியையும் வைத்து விளக்கினேன். உள்ளே வெடித்தால் வெடிக்கட்டும், அந்தத் தீ மூடியின் சந்து வழியாக வெளியே வருவதற்குள் இரும்பில் பட்டுப் பட்டு ஆறிவிட வேண்டும், அதனால் இரும்போடு இரும்புதான் உட்கார வேண்டும், நடுவில் ஒரு தூசிகூடக் கூடாது, இருந்தால் சந்து அகன்று தீ ஆறாமலே வெளியே வந்துவிடும் என்றேன். நீ உடனே, "அப்போ மழைத் தண்ணி உள்ள போகாதா?" என்று கேட்டாய். "அதுக்குத்தாம்மா மேல கூரை" என்றேன். "கூரைய நிமிந்து பாத்தீங்களா?" என்றாய். மொத்த அறையும் சிரித்தது. அன்றைக்கே உனக்குப் பதிவேடு என்று பேர் வைத்தேன். நீ பதிலுக்கு என்னை டெஸ்டர் ஆக்கினாய்.

மஞ்சள் ரப்பர் எந்தக் கடையிலும் கிடைக்கும். எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. இப்போது நான் பத்துத் தொழிற்சாலைகளுக்குப் போய் இதே பெட்டிகளைச் சோதித்துச் சான்று கொடுக்கிறேன். புதியவர்களுக்கு வகுப்பும் எடுக்கிறேன். என் லைசென்ஸில் ஒரு கீறல் விழுந்தாலும் இந்த வயதில் வேறு யார் வேலை தருவார்கள்?

உன் கோட்டுதான் அன்றைக்கே ஆணியில் மாட்டிக் கிழிந்ததே, அதற்கும் இதற்கும் என்ன?

டெஸ்டர்

ஜூன் 18

என்னங்க,

ஆணியைப் பற்றி நான் கேட்கவே இல்லையே.

கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியிலிருந்து கோட்டை எடுத்தேன். குழு அளந்த பட்டை தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர். கோட்டின் அடிவிளிம்பில் குறைவதும் தொண்ணூற்றிரண்டு. மூன்று தடவை அளந்தேன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், அன்று மத்தியானம் பேய்மழை. நீங்கள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு என் மேஜைக்கு ஓடி வந்து, "கோட்ட ஒரு நிமிஷம் குடு, கொட்டகைக்குப் போகணும்" என்றீர்கள். கல்யாணமாகி வந்த முதல் மழைக்கு நீங்களே வாங்கித் தந்த கோட்டு. சாயங்காலம் திருப்பித் தரும்போது, "ஆணி கிழிச்சிடுச்சும்மா, கோவிச்சுக்காத" என்றீர்கள். ஆணி இவ்வளவு நேராகக் கிழிக்காது என்று எனக்கு அன்றே தெரியும். நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். கேட்க எனக்கும் வாய் வரவில்லை. மூன்று வருஷம் அந்த ஆணியையும் வீட்டில் வைத்துக்கொண்டுதான் உங்களுக்குச் சோறு போட்டேன். அப்புறம் நீங்கள் போனீர்கள், எட்டு வருஷம் ஆகிறது. வேலை விஷயமாகப் போயிருக்கிறார் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன்.

நேற்று அந்தப் பெண் வந்திருந்தாள். "மன்னிப்புக் கடிதம் குடுத்தா திரும்ப எடுத்துக்கறாங்களாம். தொடாத பெட்டிக்கு நான் எப்படிக்கா மன்னிப்பு கேக்கறது?" என்றாள். கொடுத்த காபியைக் குடிக்கவில்லை.

ஜூலை 4, காலை பதினொரு மணிக்குக் குழு மறுபடி கூடுகிறது. கோட்டை மேஜைமேல் வைக்கப் போகிறேன். வேறு யார் வாயிலிருந்தும் நீங்கள் இதைக் கேட்கக் கூடாது என்றுதான் முன்னாலேயே எழுதுகிறேன்.

பதிவேடு

ஜூன் 23

அன்புள்ள உனக்கு,

கோட்டை வெட்டியது நான்தான். கேபிள் கத்தியால், கொட்டகை வாசலில் நின்றுகொண்டு.

மெயின் பம்பு கழற்றிக் கிடந்தது. ஸ்டாண்ட்பைதான் ஓடிக்கொண்டிருந்தது, அதன் பெட்டிக்குள் தண்ணீர் இறங்க ஆரம்பித்துவிட்டது. ஒரு நாளைக்குத்தானே என்று பெர்மிட் இல்லாமலே திறந்து, பட்டையை வைத்து மூடினேன். மறுநாள் கூரையை அடைத்தார்கள். பெட்டியைத் திறந்து பட்டையை எடுக்க பெர்மிட் வேண்டும். பெர்மிட்டில் காரணம் எழுத வேண்டும். அதை எழுதுகிற ஆள் நீ. உன்னிடம் சொன்னால் எழுதிவிடுவாய் என்று பயந்தேன். எனக்காக எழுதாமல் விட்டுவிடுவாயோ என்றும் பயந்தேன். இரண்டாவது பயம்தான் பெரிது. அதனால் ஆணியின் மேல் பழியைப் போட்டேன். அப்புறம் ஆறு தடவை, தகடு உள்ளே போகாது என்று தெரிந்தே கேஜை வைத்தேன். நீ பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டாய். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்க முடியாமல்தான் வெளியூர் வேலையைத் தேடினேன்.

இங்கே வகுப்பில், "இணைப்பில் ரப்பர் வைக்காதே" என்று சொல்லும்போது மட்டும் என் குரல் ஏறிவிடும். "சாருக்கு எங்கயோ நல்லா சூடு பட்டிருக்கு" என்று பின்பெஞ்சில் பேசிக்கொள்வது காதில் விழும்.

இதையெல்லாம் எழுதி, விசாரணைக் குழுவுக்கும் லைசென்ஸ் அலுவலகத்துக்கும் இன்று காலை பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நகல் இதோடு இருக்கிறது. ஜூலை 3 காலை ஏழு மணி ரயிலில் வருகிறேன். ஸ்டேஷன் பக்கத்தில் அறை எடுத்துக்கொள்கிறேன், உனக்குத் தொந்தரவு வேண்டாம்.

அந்தப் பெண்ணிடம் எதற்கும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்.

டெஸ்டர்

ஜூன் 27

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் குழுவுக்கு நேற்றே வந்துவிட்டது. எலக்ட்ரீஷியன் பெண்ணைத் திங்கட்கிழமை முதல் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பாதுகாப்பு அதிகாரி இன்று மத்தியானம் என்னிடம் நேரில் சொன்னார். அவளிடம் போய்ச் சொன்னேன். "அவர் வந்தா ஒரு தடவ சண்ட போடணும்க்கா, அப்புறம் ஒரு காபி வாங்கித் தரணும்" என்றாள். இரண்டுக்கும் தயாராக வாருங்கள்.

அறை எதற்கு? ஸ்பேனரை எடுத்து வாருங்கள், குழாய் இருக்கிறது. குடையும் வேண்டும். கோட்டை நான் குழுவிடம் கொடுத்துவிடுவேன், இங்கே மழை தொடங்கிவிட்டது.

பதினோரு வருஷத்துக்கு முந்தைய அந்தத் தேதிக்கு இன்று பதிவேட்டில் தாமதப் பதிவு எழுதினேன்: "ஸ்டாண்ட்பை பம்பு. மழைநீர் புகுந்தது. இணைப்பில் ரப்பர் பட்டை வைக்கப்பட்டது. தற்காலிகம்." எழுதியவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

உங்கள் லைசென்ஸ் பற்றிய முடிவு ஜூலை 20-க்குள் தெரியும் என்கிறார்கள். பதிவேட்டில் செய்தவர் கையொப்பம் மட்டும் காலியாக இருக்கிறது. அது 3-ஆம் தேதி, ஏழு மணி ரயிலுக்கு.

உங்கள் மனைவி